கடைசியாக வருபவர் அணைக்கும் விளக்கு

எப்போதும் தொணதொணப்பதால் அந்தச் சிறுமிக்கு வாயாடி என்றே பெயர். அன்று அவள் அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். டாக்டரம்மா அப்பாவின் கையிலும் காலிலும் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றி அளந்தார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

“உங்களுக்கு வயசு நாற்பத்திரண்டு. ஆனா ரத்தக் குழாய் அறுபது வயசுக்காரர் மாதிரி விறைச்சுப் போயிருக்கு. ராத்திரி நல்லா தூங்குறீங்களா?”

அப்பா தையல்காரர். கழுத்தில் தொங்கிய டேப்பைக் கழற்ற மறந்தே வந்திருந்தார். இப்போது அதைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார்.

“எங்கே தூங்குறாரு?” வாயாடி போட்டு உடைத்தாள். “கூடத்துல விடிய விடிய விளக்கு எரியுது. அதுக்குக் கீழதான் படுக்கிறாரு.”

“அட, எதுக்கு?”

நான் சொல்கிறேன், கேளுங்கள்.

அவர்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. கடைசியாக வீட்டுக்கு வருகிறவர்தான் கூடத்து விளக்கை அணைக்க வேண்டும். நர்ஸ் வேலை முடிந்து அம்மாதான் எப்போதும் கடைசியாக வருவாள். செருப்பைக் கழற்றுவாள், தாழ்ப்பாள் போடுவாள், “எல்லாரும் வந்தாச்சு!” என்று விளக்கை அணைப்பாள். ஒருநாள் சாலையில் விபத்து. அம்மா வரவே இல்லை. எட்டு மாதமாக விளக்கும் அணையவில்லை. ஒருமுறை பல்பு போனபோது, அப்பா தைத்ததைப் போட்டது போட்டபடி கடைக்கு ஓடினார்.

டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். “இருட்டினாத்தான் உடம்புல மெலடோனின்ங்கிற ஹார்மோன் நல்லா சுரக்கும். அது தூக்கத்துக்கு உதவும். ரத்தக் குழாய் சீக்கிரம் முதுமையடையாமலும் அது காப்பாத்தலாம்னு ஆராய்ச்சி பண்றாங்க. இன்னும் உறுதியா தெரியல. ஆனா வெளிச்சத்துல அது குறைஞ்சிடும்.”

“அது கடையில கிடைக்குமா? நான் வாங்கிட்டு வரேன்!” என்றாள் வாயாடி.

“உங்க வீட்டு இருட்டுலயே சும்மா கிடைக்குமே! மத்த மருந்தை நான் எழுதித் தரேன். நீங்க விளக்கை மட்டும் அணைங்க.”

சொல்வது சுலபம். அன்றிரவு அப்பா மூன்று முறை சுவிட்ச் வரை போய்த் திரும்பினார்.

“முடியலம்மா. கடைசியா வர்றவங்கதானே அணைக்கணும்? அவ இன்னும் வரலையே,” என்றார். அவர் குரல் உடைந்தது.

அம்மாதான் போய்விட்டாள். அப்பாவுக்கும் ஏதாவது ஆகிவிட்டால்?

வாயாடி சட்டென்று எழுந்தாள். வாசலில் கிடந்த அம்மாவின் பழைய செருப்புக்குள் தன் குட்டிக் கால்களை நுழைத்தாள்.

“எங்கடா போற, கண்ணு?”

வாயாடி வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். பத்து வரை எண்ணினாள். பிறகு உள்ளே வந்து செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்தாள். தாழ்ப்பாள் போட்டாள்.

“நான்தான்பா கடைசி. எல்லாரும் வந்தாச்சு.”

விளக்கை அணைத்தாள்.

இருட்டில் அப்பா விம்மி விம்மி அழுதார். அவளும் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

வெகுநேரம் கழித்து அப்பாவின் குறட்டை கேட்டது. எட்டு மாதமாகக் கேட்காத குறட்டை! முன்பெல்லாம் வாயாடி காதைப் பொத்திக்கொள்வாள். இன்று அதைக் கேட்டபடியே தூங்கிப்போனாள்.