இரண்டாம் குவளை

காலை ஆறரை மணிக்குச் செவ்வாய்க் கிரகத்தின் செந்நகர்க் கூண்டுக்குள் நாலாயிரம் பேர் ஒரே மூச்சில் "நன்றி" என்றார்கள். அடுத்து ஐந்து ஆழ்மூச்சு, செடிக்கு ஒரு கரண்டித் தண்ணீர், முந்நூறு நிதான அடிகள், யாருக்காவது ஓர் இன்சொல். காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் மனமானி இந்த ஐந்து சிறு பழக்கங்களையும் எண்ணி, நூற்றுக்கு இத்தனை என்று நலத்துறைக்கு அனுப்பியது. முப்பது நாள் தொடர்ந்து நாற்பதுக்குக் கீழே இருந்தால் நினைவுத் தணிப்பு. எந்த நினைவு வலிக்கிறதோ அதை வலியில்லாமல் கரைத்துவிடுவார்கள்.

அருமைநாயகம் முப்பத்தொன்றில் இருந்தார். அன்று முப்பதாவது நாள்.

ஓய்வுபெற்ற நீர்க்குழாய்ப் பணியாளர். மனைவி லூர்தம்மாள் போய்ச் சேர்ந்து எட்டு மாதம். இன்னமும் அவர் இரண்டு குவளைக் காப்பி ஊற்றினார். லூர்தம்மாளுக்குச் சூடு ஆகாது. ஆறட்டும் என்று வைப்பாள், வைத்ததை மறந்துவிடுவாள். முப்பத்தெட்டு வருடம் அவர் அதற்காகத் திட்டினார். இன்றும் காலி நாற்காலியைப் பார்த்துத் திட்டினார்: "ஆறினப்புறம் அது காப்பியா, கழுநீரா?"

கடுஞ்சொல் என்று மனமானி ஐந்து புள்ளி கழித்தது.

எதிர்வீட்டுப் பிலோமினா வாசலில் நின்றாள். கையில் துடைப்பம். காற்றுத்துளை வழியாகச் செம்புழுதி வந்துகொண்டே இருக்கும் ஊர் அது.

"அண்ணாச்சி, எந்தக் காலத்துல இருக்கிய? மானியைப் பிச்சு கூட்டுற மிஷின்ல ஒட்டுங்க. அதுக்கும் இளஞ்சூடு இருக்கு, சீரான துடிப்பு இருக்கு. உங்க குரலைப் பதிஞ்சு ஒரு அறையில பூட்டி வச்சா நன்றியும் அதே சொல்லிரும். எங்க வீட்ல நாலு பேருக்கும் அதுதான் மூச்சு வாங்குது."

"அப்ப வீட்டை யாரு கூட்டுறது?"

"நாந்தேன்!" என்று துடைப்பத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"எங்குரல்ல அது நன்றி சொல்லுறதாம். போம்மா, வேலையப் பாரு."

எட்டு மணிக்கு நலத்துறை அதிகாரி வான்மதி வந்தாள். முப்பது வயதிருக்கும். தணிப்புப் படிவத்தை விரித்தபடி லூர்தம்மாளின் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். 

"ஐயா, கையெழுத்துப் போட்டா மதியத்துக்குள்ள முடிஞ்சிடும். அம்மா பேர்கூடத் தொந்தரவு பண்ணாது."

அவருக்குப் பழக்கத்தில் வார்த்தை வந்தது. "காப்பி ஆறிப்போச்சு. குடிச்சிரு."

அவள் குடித்தாள். பாதியில் நிறுத்தினாள். "எங்க அப்பாவும் இப்படித்தான், ஆறவிட்டுத்தான் குடிப்பார்" என்றாள். போன வருடம் இறந்திருக்கிறார். அவர் இறந்த அன்றைக்கும் தன் மதிப்பெண் தொண்ணூற்றாறு என்றாள்.

அவள் காதுக்குப் பின்னால் வெளுத்த தழும்புதான் இருந்தது. "உங்க மானி எங்கம்மா?"

"வீட்டுல..." என்று இழுத்தாள். "கூட்டுற மிஷின்ல."

அவர் சிரித்துவிட்டார். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. அவளும் சிரித்தாள், பிறகு அழுதாள். அரைமணி நேரம் இறந்த இருவரைப் பற்றியும் மாற்றி மாற்றிக் குறை சொன்னார்கள். அவள் எழுந்தபோது அவருடைய மானி நாற்பத்துநான்கு காட்டியது. படிவத்தை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஆனால் அவள் நல்ல பெண். இரண்டாம் குவளையையும் அவர் மனைவியைத் திட்டும் வாக்கியத்தையும் மதிப்பெண் ஏறியதையும் உண்மையாக அறிக்கையில் எழுதிவிட்டாள்.

பத்தே நாளில் சுற்றறிக்கை வந்தது. ஆறாவது சிறு பழக்கம், இரண்டாம் குவளை: ஆறு நாற்பதிலிருந்து ஆறு ஐம்பத்திரண்டு வரை. காலி நாற்காலி கட்டாயம். அன்போடு ஒரு குறை சொல்ல வேண்டும், மாதிரி வாக்கியம் இணைப்பில்.

மறுநாள் ஆறு நாற்பதுக்குச் சுவருக்குச் சுவர் கேட்டது. நாலாயிரம் குரல்கள், எல்லாம் இயந்திரங்களின் வயிற்றிலிருந்து: "ஆறினப்புறம் அது காப்பியா, கழுநீரா?"

ஆறு நாற்பத்தெட்டுக்கு அருமைநாயகத்தின் காதிலும் மணி அடித்தது. 'குறை சொல்ல இன்னும் நான்கு நிமிடம்.' அவருக்கு வாய் வரவில்லை. மானியைப் பிய்த்தெடுத்தார். தம் இயந்திரத்தின் முதுகில் ஒட்டி, குரலைப் பதிந்து, சாமான் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். அங்கே அது ஆழமாக மூச்சு விட்டது, நன்றி சொன்னது, லூர்தம்மாளையும் திட்டியது.

அவர் குவளைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். காப்பி ஆறியது. இரண்டையும் அவரே குடித்தார். பிறகு தரையில் புழுதி தெரிந்தது. கூட்ட ஆள் இல்லை. துடைப்பத்தை எடுத்தார். மூலையிலிருந்து வாசல்வரை மெதுவாகக் கூட்டிக்கொண்டு வந்தார். வாசலில் நிமிர்ந்தபோதுதான் கவனித்தார்: கால்மணி நேரமாக நெஞ்சு லேசாக இருந்திருக்கிறது.

எதிரே பிலோமினாவும் கூட்டிக்கொண்டிருந்தாள். "மனசு எப்படி இருக்கு அண்ணாச்சி?"

சொல்ல வாயெடுத்தவர், தெருமுனையில் நலத்துறை வண்டியைப் பார்த்தார். கூட்டுவதையும் ஏழாவது பழக்கமாக்கிவிடுவார்கள் என்று பட்டது.

துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"ரொம்ப மோசம்மா" என்றார், வண்டிக்குக் கேட்கிற மாதிரி.