சிசிலியா செய்த அழுக்கு விமானம்

கரைவலையை இழுக்கும்போது பாதியில் கயிற்றை விட்டால் என்ன ஆகும்? பள்ளிமுனை என்ற கடற்கரை ஊரில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். வலையின் வாய் சரிந்துவிடும். உள்ளே வந்த மீன் எல்லாம் வந்த வழியே போய்விடும். அன்றைக்கு வீட்டில் வெறும் கஞ்சிதான்.

அந்த வருடம் பள்ளிமுனைக்காரர்கள் அடிக்கடி கயிற்றை விட்டார்கள்.

உலகமெங்கும் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஜப்பான்காரரின் விமானங்கள் வந்து கொழும்பில் குண்டு போட்டுவிட்டுப் போயிருந்தன. அதன் பிறகு மன்னார்க் கடலுக்கு மேலே ஓர் இரைச்சல் கேட்டாலே போதும், கயிற்றில் நின்ற அத்தனை பேரும் பனைகளுக்குள் ஓடி ஒளிந்தார்கள். விமானம் தன்பாட்டில் போய்விடும். மீனும் தன்பாட்டில் போய்விடும்.

எல்லாருக்கும் முதலில் ஓடுகிறவர் பஸ்ரியன். குண்டு விழுந்த அன்று அவர் கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டு நின்றவர். ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் அந்தச் சத்தம் அவர் காதை விட்டுப் போகவில்லை. ஒருநாள் அடுத்த வீட்டுத் தையல் மெசின் இரைந்ததற்கே எழுந்து ஓடினார். தெருவில் நின்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிசிலியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய அப்பா இன்னாசிமுத்துவும் அதே கயிற்றைப் பிடித்து இழுக்கிறவர்தான். வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறவர் முகம் எப்படி இருக்கும் என்று பத்து வயதுச் சிசிலியாவுக்குத் தெரியும்.

"அப்பா, இதால போற ஏரோப்பிளேன் எல்லாம் ஜப்பான்காரன்ரயோ?"

"ஆருக்குத் தெரியும் பிள்ளை? நிண்டு பார்த்தால்தானே தெரியும். நிண்டு பார்க்க ஆருக்குத் துணிவு?"

அந்தக் கிழமைதான் பள்ளிக்கூடச் சுவரில் ஒரு பெரிய படம் வந்து ஏறியது. கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்திலிருந்து அனுப்பிய படம். அதில் விமானங்களின் உருவங்கள் கறுப்பு மையால் அச்சிடப்பட்டிருந்தன. யோகராசா வாத்தியார் ஒன்றைத் தொட்டுக் காட்டினார்.

"இது எங்களுக்குக் காவலா நிக்கிற சண்டை விமானம். பேர் ஹரிக்கேன்."

"அரிக்கன் லாம்போ சேர்?" என்று சிசிலியா கேட்டாள்.

வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். "ஓம், லாம்புக்கும் இதுக்கும் ஒரே பேர்தான். வயித்துக்குக் கீழ ஒரு பெட்டி தொங்குது, பார்த்தியளோ? செட்டைக்குக் கீழ வட்டத்துக்குள்ள வட்டம் இருக்கும். வெளியில நீலம், பிறகு வெள்ளை, நடுவில சிவப்பு."

சிசிலியா அன்று பின்னேரமே அமிர்தநாயகம் சம்மாட்டியைக் கூட்டிவந்து படத்தைக் காட்டினாள். கரைவலையின் சொந்தக்காரர் அவர். அவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார்.

"எனக்கெண்டால் திருக்கை மீன் மாதிரித்தான் கிடக்கு, பிள்ளை."

சிசிலியா யோசித்தாள். கடதாசியில் கிடப்பதைப் பார்த்து எப்படி அடையாளம் தெரியும்? கையால் பிடித்துத் திருப்பிப் பார்க்க ஒரு விமானம் வேண்டும்.

தானே செய்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

படத்தின் ஓரத்தில் அளவுகள் இருந்தன. உண்மையான விமானத்தின் செட்டைகள், அதாவது இறக்கைகள், நுனிக்கு நுனி நாற்பது அடி அகலம். நாலடிக்கு ஓர் அங்குலம் என்று வைத்தால் பத்து அங்குலம். கணக்குச் சரியாக வந்தது. வலையில் கட்டிக் கழித்துவிட்ட மிதப்புக்கட்டைகளை அப்பாவிடம் கேட்டு வாங்கினாள். பாரமில்லாத அந்த மரம் கத்திக்கு நன்றாக வளைந்து கொடுத்தது. செதுக்கிய இடங்களைக் காய்ந்து சொரசொரத்த திருக்கைத் தோலால் தேய்த்துத் தேய்த்து மினுமினுப்பாக்கினாள். வயிற்றுக்குக் கீழே பெட்டியை ஒட்டினாள். விமானி இருக்கும் இடத்துக்குக் கண்ணாடி வேண்டுமே? ஒரு பெரிய கொடுவா மீனின் செதில் அதற்கு அளவாக வந்தது!

நிறங்களை வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டாள்: வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய பச்சையும் மண்ணிறமும் முதுகுக்கு. சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து வயிற்றுக்கு. கடைசியாக, மூச்சை அடக்கிக்கொண்டு செட்டைகளில் வட்டங்களைப் போட்டாள்.

விமானம் பளபளவென்று மின்னியது. கடற்கரைக்குக் கொண்டுபோனபோது எல்லாரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள்.

"அச்சாவாச் செய்திருக்கிறாள்!" என்றார் சம்மாட்டி. "இனி நாங்கள் ஏன் ஓடுறம்?"

அவர் சொல்லி வாய் மூடவில்லை, வானத்தில் இரைச்சல் கேட்டது. சம்மாட்டிதான் முதலில் ஓடினார். அவருக்குப் பின்னால் எல்லாரும்.

சிசிலியா ஒரு வள்ளத்தின் மறைவில் பதுங்கிக்கொண்டு, தலையை மட்டும் நீட்டிப் பார்த்தாள். வயிற்றில் பெட்டி! வட்டத்துக்குள் வட்டம்! அரிக்கனேதான். ஆனால் எவ்வளவு அழுக்கு! மூக்கின் பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை கரி படிந்திருந்தது. சரிந்து திரும்பியபோது தெரிந்த முதுகில் பச்சை நிறம் வெளிறிப் போயிருந்தது. வயிறெல்லாம் எண்ணெய்க் கறை.

பனைகளுக்குள் பஸ்ரியன் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தார். சிசிலியா அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் காதிலிருந்து கையை எடுக்கும்வரை காத்திருந்தாள்.

"மாமா, இந்த ஊரில ஜப்பான்காரன்ர பிளேனைக் கண்ணால கண்டது நீங்கள் ஒராள்தான். அது எப்பிடி இருந்தது?"

இதுவரை யாரும் பஸ்ரியனிடம் இப்படிக் கேட்டதில்லை. அவர் விரலால் மணலில் ஒரு வட்டம் போட்டார்.

"சிவப்பு வட்டம், பிள்ளை. தனிச் சிவப்பு. வேற ஒரு நிறமும் இல்லை." பிறகு அவள் மடியில் கிடந்த விமானத்தைத் திருப்பிப் பார்த்தார். "இது கலியாண மாப்பிள்ளை மாதிரியெல்லோ கிடக்கு. சண்டைக்குப் போய் வாற சாமான் இப்பிடியோ இருக்கும்?"

"நானும் அதைத்தான் நினைச்சனான்," என்றாள் சிசிலியா. "இதை அழுக்காக்க வேணும்."

விமானம் செய்வதைவிட அதை அழுக்காக்குவது கஷ்டமான வேலை. முதல்நாள் சாம்பலைப் பூசிப் பார்த்தாள். அடுப்புக்குள் விழுந்த கத்தரிக்காய் போல் ஆகிவிட்டது. துடைத்துவிட்டுத் திரும்பத் தொடங்கினாள்.

வள்ளத்தில் எந்த இடத்தில் வர்ணம் முதலில் போகிறது? ஆட்கள் மிதித்து ஏறுகிற இடத்தில். அப்படியென்றால் விமானத்தில் விமானி மிதித்து ஏறும் இடத்திலும் போயிருக்கும். அங்கே உள்ளிருக்கும் தகரம் தெரியும். அப்துல் றசாக் நானாவின் கடையில் தேயிலைப் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாள் கொஞ்சம் வாங்கி அந்த இடத்தில் ஒட்டினாள். ஈரமாக்கி, அதன்மேல் உப்புக்கற்களைத் தூவினாள். அதற்கு மேலே வர்ணம். காய்ந்ததும் விரலால் தேய்த்தபோது உப்பு உதிர்ந்தது. உதிர்ந்த இடமெல்லாம் உரிந்த வர்ணத்துக்குள் தகரம் தெரிவதுபோல் மினுங்கியது. சிசிலியா துள்ளிக் குதித்தாள்.

கரி எங்கே எடுப்பது? வீட்டு அரிக்கன் லாம்பின் சிமினியில் வேண்டிய அளவு இருந்தது. தேங்காயெண்ணெயில் குழைத்து, கோழி இறகால் மூக்கிலிருந்து பின்னோக்கி மெல்ல இழுத்தாள்.

"நல்லாயிருந்த சாமானை ஏன் பிள்ளை பழுதாக்கிறாய்?" என்றார் அப்பா.

"பழுதாக்கேல்லை அப்பா. கனதூரம் பறக்கப் பண்ணுறன்."

பிறகு தனிச் சிவப்பு வட்டம் போட்டு ஒரு ஜப்பான் விமானமும் செய்தாள். அதன் உருவத்தைப் பஸ்ரியன் பக்கத்திலிருந்து சொல்லிச் சொல்லித் திருத்தினார்.

கையில் வைத்துப் பார்ப்பது போதாது, வானத்தில் தெரியவேண்டும். நீளமான ஒரு மூங்கில் தடியின் நுனியில் விமானத்தைக் கட்டினாள். வள்ளத்துக்குப் பின்னால் நின்று பஸ்ரியன் தடியை உயர்த்துவார். தூரத்தில் நிற்கிறவர்கள் எது என்று சொல்லவேண்டும். அதுதான் விளையாட்டு.

"ஜப்பான்! ஓடுங்கோ!" என்று கத்தினார் சம்மாட்டி.

"அரிக்கன், ஐயா!" என்றாள் சிசிலியா. "வயித்தைப் பாருங்கோ!"

நாலைந்து பின்னேரங்களில் சம்மாட்டியும் பிழைவிடாமல் சொல்லப் பழகிவிட்டார். முதல்நாள் பஸ்ரியன் ஜப்பான் விமானத்தை உயர்த்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். போகப் போக அதை அண்ணாந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்.

"ஜப்பான்காரன்ர எண்டால் ஓடுவம்," என்று சம்மாட்டி எல்லாருக்கும் சொன்னார். "அரிக்கன் எண்டால் நிப்பம். பார்த்துச் சொல்லுறது பஸ்ரியன்."

அந்த நாள் வந்தது. வலை கரையை நெருங்கிவிட்டது. கயிறு விறைத்து நின்ற விதத்திலேயே உள்ளே நல்ல மீன் என்று தெரிந்தது. அப்போது வடக்கே இரைச்சல் கேட்டது.

சம்மாட்டியின் ஒரு கால் பனைகளின் பக்கம் திரும்பியது. கயிறு தளர்ந்தது. எல்லாரும் பஸ்ரியனைப் பார்த்தார்கள்.

பஸ்ரியன் ஓடவில்லை. கையைக் கண்ணுக்கு மேலே வைத்து அண்ணாந்து பார்த்தார். விமானம் பெரிதாகி வந்தது.

"வயித்தில பெட்டி!" என்று கத்தினார். "வட்டத்துக்குள்ள வட்டம்! அரிக்கன்! எங்கட அரிக்கன்! விடாதேங்கோ, இழுங்கோ!"

"இழுங்கோ!" என்று சிசிலியாவும் கத்திக்கொண்டு போய்க் கயிற்றைப் பிடித்தாள்.

விமானம் தலைக்கு மேலே தாழப் பதிந்து பறந்தது. மூக்கிலிருந்து பின்னோக்கிப் போன கரிக்கோடு, அவள் கோழி இறகால் இழுத்த அதே இடத்தில் இருந்தது. இன்னாசிமுத்து அண்ணாந்து பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"அப்பிடியே செய்திருக்கிறாய்," என்றார். பலங்கொண்ட மட்டும் கயிற்றை இழுத்தார்.

வலை கரைக்கு வந்தபோது சூடையும் பாரையும் கட்டாவும் மணலில் வெள்ளியாய்த் துள்ளின. பிள்ளைகள் பஸ்ரியனைச் சுற்றி நின்று, "மாமா, எங்களுக்கும் பார்க்கப் பழக்கி விடுங்கோ!" என்று நச்சரித்தார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரிசையில் நிற்கச் சொன்னார்.

மறுநாள் அடுத்த கரைவலைக்காரர்கள் தேடி வந்தார்கள். அவர்களில் ஒருவர் விமானத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை எந்த ஊர் ஆசாரி செய்தவர்?"

"ஆசாரியோ? எங்கட சிசிலியா!" என்றார் சம்மாட்டி. ஏதோ தானே செய்ததுபோல் அவர் மீசை நிமிர்ந்து நின்றது.

"எங்களுக்கும் ஒண்டு செய்து தருவியோ, பிள்ளை?"

"ஓம், செய்து தாறன்," என்றாள் சிசிலியா. கையில் ஒட்டியிருந்த கரியைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "ஆனால் கொஞ்சம் பொறுக்க வேணும். செய்து முடிச்சாலும், வடிவா அழுக்காக்க நாள் எடுக்கும்."