ஒன்பதாம் மாடிக் குடித்தனம்

காலையில் அந்தத் துண்டை அவள் காய்ந்த துண்டாகத்தான் கொடியில் போட்டாள். மாலை ஐந்தரைக்கு வந்து பார்த்தபோது அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மழை இல்லை. ஒன்பதாம் மாடிக்கு இன்னும் குழாயில் தண்ணீர் விடவில்லை, மேல்தொட்டியே காலி. பால்கனித் தரையில் கையகலத்துக்கு ஈரம் பரவி, அதிலிருந்து சோப்பு வாசனை வந்தது.

"எந்தப் பாவி செஞ்ச வேலையோ" என்று முணுமுணுத்து, துண்டைப் பிழிந்து மறுபடி போட்டாள். நின்று யோசிக்க நேரமில்லை. இன்னும் இருபது வீடு பாக்கி.

அவளை எல்லோரும் சாவியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். விற்காத நாற்பது வீடுகளின் சாவிக்கொத்தும் அவள் இடுப்பில். அந்த வீடுகளை ஆள் இருக்கிற வீடு மாதிரிக் காட்டுவதுதான் அவள் வேலை. பொழுது சாய்வதற்குள் பதினாலாம் மாடியிலிருந்து இறங்கிக்கொண்டே வர வேண்டும். ஒரு வீட்டில் கூடத்து விளக்கு, அடுத்ததில் சமையலறை விளக்கு. வாசலில் நாலு ஜோடி செருப்பு, நேராக அடுக்காமல், அவசரத்தில் கழற்றிப்போட்ட மாதிரி. பால்கனியில் துணி. ஒரு வீட்டில் மட்டும் ரேடியோ, சன்னமாக.

அந்தக் குடியிருப்பின் கதை ஊர் சிரித்த கதை. வீட்டு வியாபாரம் படுத்துப்போன ஐந்து வருஷமும் ஜன்னலுக்குக் கதவில்லாமல் புறாக்களுக்கு மட்டும் வீடாக நின்றது. இப்போது காற்று திரும்பிவிட்டது. பக்கத்தில் புது ரோடு, பள்ளிக்கூடம், வரிசையாகக் கடைகள். பேப்பரைத் திறந்தால் நிலம் ஏறுகிறது, வீடு ஏறுகிறது என்றுதான் பேச்சு. பார்க்க ஆள் வந்தது. ஆனால் வேலை முடிந்து சாயங்காலத்தில் வந்து, பதினாலு மாடியும் இருண்டு கிடப்பதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்புறம் சொல்றோம்" என்று போய்விடும். போனது போனதுதான். "ஆள் இல்லாத வீட்டை எவன் வாங்குவான்? குடித்தனம் நடக்கிற மாதிரி காட்டுங்க" என்றார் மேனேஜர். அவருக்கு வாய் வார்த்தை. அவளுக்கு முழங்கால் வலி.

ஆனாலும் அவளுக்கு இது வெறும் சம்பள வேலை இல்லை. பக்கத்தில் இரண்டாவது கட்டடம் ஒன்று எழும்ப வேண்டும். அதில் ஆறாம் மாடியில் அவளுக்கு ஒரு வீடு, காகிதத்தில். அவள் கணவர் உழைத்ததையெல்லாம் அதில் கொட்டிவிட்டு, ஒரு செங்கல்லைக்கூடக் கண்ணால் பார்க்காமல் மூன்று வருஷத்துக்கு முன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். இந்தக் கட்டடம் விற்றால்தான் அந்தக் கட்டடம். அதுவரைக்கும் கட்டடக் கம்பெனி அலுவலகத்துக்குப் பின்னால் ஒற்றை அறை, அவளுக்கும் எட்டு வயது மகளுக்கும். ஊரான் வீட்டு ஜன்னலையெல்லாம் வெளிச்சமாக்கிவிட்டு அவள் இறங்கி வரும்போது மகள் பல நாள் தட்டை மடியில் வைத்தபடியே தூங்கிப்போயிருப்பாள்.  இன்னும் கொஞ்ச நாள்தான், இன்னும் கொஞ்ச நாள்தான் என்று தனக்கே சொல்லிக்கொள்வாள்.

கொடியில் போடும் துணிக்குக் கம்பெனி செலவு செய்யவில்லை. பழசு இருந்தால் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். ஆகையால் ஒன்பதாம் மாடி நாலாம் எண் வீட்டில் தொங்கியது அவள் குடும்பம்தான்: அந்தத் துண்டு, அவருடைய கட்டம்போட்ட சட்டை, அவளுடைய சாயம்போன நைட்டி, மகளின் ஐந்து வயதுக் கவுன். தூக்கிப்போட மனசு வராமல் பெட்டியில் வைத்திருந்தவை.

மறுநாள் சட்டையும் நைட்டியும் நனைந்திருந்தன. கவுன் மட்டும் காய்ந்து கிடந்தது.

கேட்டில் இருந்த வாட்ச்மேன் அண்ணனிடம் சொன்னாள். வயசாளி, அவளைத் தங்கச்சி என்று கூப்பிடுபவர். அவர் பல்லைக் குத்திக்கொண்டே சிரித்தார்.

"கட்டட வேலைக்காரன் எவனாவது வாளியில தண்ணி தூக்கிட்டுப் போய் குளிச்சிருப்பான், தங்கச்சி."

"பூட்டுக்குச் சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கு, அண்ணே."

"அப்போ நீதான் துவைச்சுட்டு மறந்திருப்ப. ஓயாம மாடி ஏறி இறங்கினா மூளை என்னத்துக்கு ஆகும்?"

இருக்கும் என்றுதான் அவளும் நினைத்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

புதன்கிழமை சட்டை ஈரமாக இல்லை. கசங்கியிருந்தது. மடித்துவிட்ட கைகள் முழங்கையருகே சுருண்டிருந்தன, அவர் மடிப்பதுபோல, இடதுகை மட்டும் ஒரு சுற்று அதிகமாக. அவள் அதைக் கொடியிலிருந்து எடுத்தாள். காலரில் வியர்வை. மூன்று வருஷமாகப் பெட்டியில் கிடந்து பூச்சி உருண்டை வாசனை ஏறிப்போன துணியில், பஸ்ஸில் நின்றுகொண்டு வீடு வந்து சேரும் ஒரு மனிதனின் வியர்வையும் தலை எண்ணெயும் கலந்த அந்த வாசனை, அவருடையது, வேறு யாருடையதும் இல்லை, இப்போதுதான் கழற்றிப் போட்டதுபோல வெதுவெதுப்பாக மூக்கில் ஏறியது. அவள் முகத்தை அதில் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பயந்திருக்க வேண்டும். ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அங்கேதான் அவள் தப்பு செய்தாள்.

வியாழக்கிழமை மேலிருந்து கீழே வரும் வழக்கத்தை விட்டுவிட்டு நேரே ஒன்பதாம் மாடிக்குப் போனாள். யாரிடமும் சொல்லவில்லை. சமையலறையில் அடுப்பே கிடையாது. ஆனால் வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. குளியலறைக் கதவுக்குப் பின்னால் வாளியைத் தரையில் இழுக்கும் சத்தம் கேட்டு, அவள் கதவைத் தள்ளியதும் நின்றது. "நீங்களா?" என்று கேட்டாள்.  கேட்ட பிறகு அந்த வீட்டின் அமைதி மாறிப்போயிருந்தது. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அமைதி. அன்றிரவு மகளுக்குச் சோறு ஊட்டும்போது பாதியில் எழுந்து வெளியே போய் ஒன்பதாம் மாடியை அண்ணாந்து பார்த்தாள். பயத்தினாலா ஆசையினாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கவுனைத் தொட்டார்கள்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. கொடியில் அது நீளமாகத் தொங்குவதுபோல் இருந்தது. எடுத்துப் பார்த்தாள். கீழ்விளிம்பைப் பிரித்து இறக்கியிருந்தார்கள். இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியை விட்டு அகலப்படுத்தியிருந்தார்கள். தோளிலும் ஒரு விரல்கடை. பெரிய பெரிய கோணல் தையல். அது அவள் தையல். அவள் கைக்கு மட்டும் வரும் கோணல். ஐந்து வயதுக் கவுன் இப்போது எட்டு வயதுப் பிள்ளைக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது.

 கொடியில் இருந்த துணியையெல்லாம் சுருட்டி எடுத்துக்கொண்டு ஒன்பது மாடியும் ஓடியே இறங்கினாள். குப்பைத் தொட்டியில் போட்டுக் கொளுத்தினாள். எரிந்து சாம்பலாகும்வரை நின்று பார்த்துவிட்டு, நேரே மேனேஜரிடம் போனாள்.

"நான் வேலையை விட்டுடறேன், சார். நாளைக்கே காலி பண்ணிடறேன்."

"என்ன சாவியக்கா, வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழிய உடைக்கிறீங்க? ஞாயித்துக்கிழமை மூணு குடும்பம் வருது. மூணும் முடிஞ்சா அடுத்த வாரமே உங்க கட்டடத்துக்கு அஸ்திவாரம். நாளைக்கு ஒரு நாள் விளக்கு ஏத்தி வச்சுட்டா ஞாயித்துக்கிழமைக்கும் அப்படியே இருக்கும். ஒரே நாள்."

"ஒன்பதாம் மாடிக்குப் போக மாட்டேன்."

"போகாதீங்க. அது இருட்டாவே கிடக்கட்டும். போதுமா?"

ஒரே நாள். மூன்று வருஷம் பொறுத்தவளுக்கு ஒரு நாள் பெரிதா? கணவர் சாகும்போது கையில் வைத்திருந்தது அந்த வீட்டுக் காகிதத்தைத்தான். அவள் தலையாட்டினாள்.

சனிக்கிழமை மாலை மகளை அறையில் விடவில்லை. கேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வாட்ச்மேன் அண்ணன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். "நான் வர்ற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது. என்னடா?"

"நீ கூப்பிட்டா?" என்றாள் மகள்.

"நான் கூப்பிட்டா மட்டும் வா" என்றாள் அவள்.

பதினாலு முடிந்தது. பதின்மூன்று, பன்னிரண்டு. செருப்புகளை உதறிப்போட்டாள், சுவிட்சுகளைத் தட்டினாள், ரேடியோவைக்கூடப் போடவில்லை. பத்திலிருந்து லிஃப்டில் எட்டுக்கு வந்தாள். ஒன்பதைக் கடக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். லிஃப்ட் இடுக்கு வழியாக வெங்காய வாசனை உள்ளே வந்து போனது. யாரோ ஆண்குரலில் இருமினார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மீதி மாடிகளை முடித்தாள். முடித்துவிட்டாள்! கீழே வெட்டவெளிக்கு வந்ததும் அப்பாடா என்று மூச்சு விட்டு, மேலே அண்ணாந்து பார்த்தாள்.

ஒன்பதாம் மாடி. நாலாம் எண். விளக்கு எரிந்தது.

மற்ற ஜன்னல்களின் வெளிச்சம் வெள்ளையாக, அசையாமல் இருந்தது. அந்த ஜன்னல் மட்டும் மஞ்சளாக இருந்தது, உள்ளே ஆட்கள் குறுக்கே நடந்தார்கள். ஒன்று உயரமான நிழல். ஒன்று அவள் உயரம்.

கேட்டுக்கு ஓடினாள். நாற்காலி காலியாக இருந்தது.

"அண்ணே, பாப்பா எங்கே?"

வாட்ச்மேன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "என்ன தங்கச்சி கேள்வி? இப்பத்தானே நைட்டியோட இறங்கி வந்து கூட்டிட்டுப் போன? எப்போ புடவைக்கு மாறின?"

"நான் வரல, அண்ணே!"

"நீதான். பாப்பாகூட கேட்டுச்சு, இன்னைக்குச் சீக்கிரம் வந்துட்டியான்னு. நீ தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டியே."

லிஃப்ட் வரவில்லை. படி. இரண்டு இரண்டாக. மூன்றாம் மாடியில் செருப்பு அறுந்தது. ஐந்தில் மூச்சு முட்டியது. ஏழில் விழுந்தாள். முழங்காலில் ரத்தம். எட்டு. ஒன்பது.

கதவிடுக்கில் வெளிச்சம். உள்ளே தட்டுச் சத்தம். கரண்டி. அவர் சிரிப்பு. தொண்டையைச் செருமிவிட்டுச் சிரிக்கும் அதே சிரிப்பு. அதற்கு மேல் மகளின் குரல், பள்ளியில் நடந்ததை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அவளிடம் சொல்ல நேரமில்லாமல் ஒரு வாரமாகச் சேர்த்துவைத்த கதையெல்லாம்.

கதவை இடித்தாள். பேச்சு நின்றது. சின்னக் காலடிகள் கதவருகே வந்தன.

"யாரு?"

"அம்மாடா! கண்ணு, கதவைத் திற! அம்மா வந்துட்டேன்!"

சின்னக் காலடிகள் ஒரு எட்டு பின்னால் போயின.

"எங்க அம்மா வீட்லதான் இருக்காங்க" என்றாள் மகள்.

சாவி. எந்தச் சாவி? கொத்து கை நழுவிக் கீழே விழுந்து, பொறுக்கி, இதுவா, இல்லை, இது. திரும்பியது. கதவு திறந்தது.

உள்ளே ஒன்றுமில்லை. பூசாத சுவர். சிமெண்டுத் தூசி படிந்த தரை, அதில் அவள் பழைய காலடிகள் மட்டும். நடுவில் எரியும் ஒரே பல்பு. ஆள் இல்லை, தட்டு இல்லை, விரிப்பு இல்லை.

ஆனால் சத்தம் நிற்கவில்லை. தண்ணீர் ஊற்றும் சத்தம் அவள் காலடியில் கேட்டது. இடது பக்கம் யாரோ மென்றார்கள். அப்புறம், அவள் இடுப்பருகே, கையெட்டும் தூரத்தில், மகளின் குரல். பயந்த குரல்.

"அம்மா, யாரோ உள்ள வந்துட்டாங்கம்மா."

அவள் காதோரத்தில் அவளுடைய குரலே பதில் சொன்னது. களைப்பில்லாத குரல். அவசரமில்லாத குரல்.

"யாருமில்லடா கண்ணு. காத்துதான். நீ சாப்பிடு."

"பாப்பா!" என்று அலறினாள். இரண்டு கைகளையும் நீட்டி, எட்டு வயதுப் பிள்ளையின் தலை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், வெற்று அறையைத் துழாவினாள். சுவர். காற்று. சுவர். அழுதுகொண்டே துழாவினாள். ஒரு தடவை, ஒரே தடவை, விரலில் சூடான மெல்லிய முடி பட்டது. உச்சி வகிடு. அவள் வாரிவிட்ட வகிடு.

அது அவள் கையைவிட்டு வெடுக்கென்று விலகிப் போய், எதிர்ப்பக்கத்தில் யார் மடியிலோ ஒட்டிக்கொண்டு விசும்பியது.