ஒரு மூடி போதும், அத்தான்!

போன் அலறியது.

எடுக்க வேண்டியவன் செத்துக் கிடந்தான்!

பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில், தலைக்கு மேல் விளக்கு எரிய, வாயைப் பிளந்தபடி... அவருடைய மச்சினன். மனைவியின் ஒரே தம்பி. அவன் சட்டைப் பைக்குள் போன் துள்ளிக்கொண்டிருந்தது. திரையில் ஒரே ஒரு வார்த்தை.

'அக்கா.'

டாக்டர் அதைப் பிடுங்கி அணைத்தார். பிடுங்குவது ஒன்றுதான் அவருக்கு ஓரளவு கைவந்த வேலை.

அடுத்த நொடி அவருடைய போன் அலறியது!

"என்னங்க, என் தம்பி அங்க வந்தானா?"

"வ... வரலையே!"

"உங்களைப் பார்க்கத்தான் போறேன்னு கிளம்பினான். கையில பெட்டி வேற. வந்தா சாப்பிட வீட்டுக்கு வரச் சொல்லுங்க."

"வந்தா சொல்றேன்மா."

இனி எங்கே சாப்பிட! டாக்டர் போனை வைத்துவிட்டு, மச்சினனின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். துடிப்பு இல்லை. தேர்ந்த வைத்தியரைப் போலத் தலையை ஆட்டிக்கொண்டார்.

பதறாதீர்கள். அவர் ஏன் இப்படிச் செய்தார் என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கே சிரிப்பு வரும்.

சற்று முன்புவரை மச்சினன் பேசிக்கொண்டிருந்தான். அவன் பேசாமல் இருந்து யாரும் பார்த்ததில்லை. அவன் விற்பது 'எஞ்சின் அமுதம்'. பெட்ரோலில் கலக்கிற பச்சைத் தண்ணீர். காருக்கு ஆயுசு கூடுமாம், புகை குறையுமாம், பாட்டிலை ஆட்டிக்கொண்டே பாட்டுப் பாடுவதைப் போலச் சொல்வான்.

"அத்தான், உங்க காரு பழைய காரு. டேங்க் அடியில காலகாலமாக் கசடு படிஞ்சிருக்கும். ஃபுல் டேங்க் போட்டுட்டு இதுல ஒரு மூடி ஊத்துங்க. ஒரே ஒரு மூடி! லேபிள்ல போட்டிருக்கு, படிச்சுப் பாருங்க."

"லேபிளெல்லாம் படிக்க எனக்கு எங்க நேரம்?"

"அதானே! நீங்கதான் எதையுமே படிக்கலையே அத்தான்!"

டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது.

"எ... என்ன சொல்றே?"

"நீங்க படிச்சதாச் சொல்ற காலேஜ் வாசல்ல போன வாரம் கடை போட்டேன். உள்ளே ஒரு வாத்தியாருக்கும் உங்களைத் தெரியல. வாட்ச்மேனுக்குத்தான் தெரிஞ்சுது. 'அட, நம்ம கேன்டீன் ஆளு!'ன்னார்."

"உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம் அத்தான். இந்த நாற்காலியில படுக்கறவங்ககிட்ட அமுதத்தைப் பத்தி நான் நாலு வார்த்தை பேசணும். வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடக்கறவங்க எதிர்த்துப் பேச முடியாது பாருங்க! மாட்டேன்னு மட்டும் சொன்னீங்க... அக்காகிட்ட போட்டுக் கொடுத்துடுவேன்!"

போலீஸிடம் சொல்வேன் என்றிருந்தால் டாக்டர் கொஞ்சம் யோசித்திருப்பார்.

அக்காவிடம் என்றதும் முடிவு செய்துவிட்டார்!

"அதுக்கென்ன மச்சான், தாராளமாப் பேசு. ஆமா, உன் கடைவாய்ப் பல்லுல ஓட்டை தெரியுதே? படு, பார்க்கறேன். ஒரு சின்ன ஊசி. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்!"

அலமாரியின் கடைசித் தட்டில் தூசி படிந்து கிடந்த மயக்க மருந்துக் குப்பி. அதை முழுசாக ஊசியில் ஏற்றினார். அதிலும் ஒரு லேபிள் இருந்தது.

படிக்கவில்லை.

*

பின்வாசல் வழியாக மச்சினனைக் கார் டிக்கிக்குள் திணித்தாயிற்று. ஊருக்கு வெளியே ஒரு பாழடைந்த கல்குவாரி, அதில் ஆழமாகத் தண்ணீர். அதில் தள்ளிவிட்டால் கதை முடிந்தது!

ஆனால் மச்சினன் கொண்டுவந்த பெட்டி? அது நிறையப் பச்சைப் பாட்டில்கள்! வந்தவன் வரவில்லை என்று சாதிக்க வேண்டுமானால் அவை இருக்கக் கூடாதே! கை கழுவும் தொட்டியில் கொட்டலாம் என்றால், அது அடைத்துக்கொண்டு நாளாகிறது.

டாக்டருக்குப் பளிச்சென்று ஒரு யோசனை வந்தது. இந்த மாதிரி யோசனைகள் அவருக்கு மட்டும்தான் வரும்.

பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து மொத்தத்தையும் பெட்ரோல் டேங்கில் கவிழ்த்தார்! காலிப் பாட்டில்கள் குப்பைத் தொட்டிக்குப் போயின.

"தடயமும் போச்சு... வண்டிக்கும் சத்து!"

தன்னைத்தானே மெச்சிக்கொண்டு கிளம்பினார். கடைத்தெருவைத் தாண்டும்வரை கார் வெண்ணெயாக ஓடியது. மேட்டுச் சாலையில் ஏறும்போது...

லொக்!

லொக்... லொக்...! கார் இருமியது. குலுங்கியது. பின்னால் புகை மண்டியது. எச்சரிக்கை விளக்கு மஞ்சளாக எரிந்தது. ஒரு கடைசி விக்கல்...

நின்றுவிட்டது!

நின்ற இடம் எது தெரியுமா? ஒரு மெக்கானிக் பட்டறையின் வாசல்!

"இறங்காதீங்க சார், அப்படியே உக்காருங்க! நாங்க தள்ளிக்கறோம்!"

பட்டறையிலிருந்து ஓடி வந்தார் ஒருவர். அந்த வட்டாரத்தில் அவருக்குப் பெயரே 'அதேதான்'. எந்த வண்டி வந்தாலும் எதையாவது ஒன்றைத் தொட்டு "அதேதான்!" என்பார். அது இல்லை என்று ஆனால் அடுத்ததைத் தொட்டு "அப்ப அதேதான்!" என்பார். தொடுவதற்குச் சாமான் தீர்ந்துபோனால்தான் உண்மையான கோளாறு பிடிபடும்.

"வேண்டாம், நான் வேற..." என்று டாக்டர் இழுப்பதற்குள் கார் நகர ஆரம்பித்தது. ஒரு ஆள் தள்ளி இவ்வளவு சுலபமாக நகராதே! கண்ணாடியில் பார்த்தார்.

டிக்கியின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தவர்... காக்கிச் சட்டையில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர்!

டாக்டர் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"அட, டாக்டர்! உங்களைத்தான் தேடிட்டு இருந்தேன்!"

"எ... என்னையா? எ... எதுக்கு?"

"எதுக்கா?" இன்ஸ்பெக்டர் வீங்கிய கன்னத்தைக் காட்டினார். "போன மாசம் ஒரு பல்லைப் பிடுங்கினீங்களே, ஞாபகம் இருக்கா? வலிச்ச பல்லு இங்கயே இருக்கு! நீங்க பிடுங்கினது பக்கத்துப் பல்லு!"

"அது... பக்கத்துப் பல்லுதான் இதைக் கெடுத்துட்டு இருந்துது மேடம்..."

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்னீங்க. அந்த எறும்பு இன்னும் என் வாயை விட்டுப் போகல டாக்டர்!"

அப்பாடா, பல்தானா! டாக்டருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. மீதி டிக்கியில் இருந்தது.

மெக்கானிக் பானெட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்தார்.

"சார், பெட்ரோல்ல ஏதாவது கலந்தீங்களா?"

"சேச்சே!"

நோயாளிகள் பொய் சொன்னால் டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது அவர் தயங்கக்கூட இல்லை.

"அப்ப பிளக்." கறுத்துப்போன பிளக்குகளைக் கழற்றித் தேய்த்தார் மெக்கானிக். "அதேதான்! ஸ்டார்ட் பண்ணுங்க."

லொக்... லொக்... புஸ்!

"காத்து வடிகட்டி அடைச்சிருக்கு. அப்ப அதேதான்!" தட்டித் தூசி பறக்கவிட்டு மாட்டினார். "இப்பப் போடுங்க."

லொக்... புஸ்!

"மெக்கானிக், எனக்கு அவசரமாப் போகணும். வண்டி இங்கயே நிக்கட்டும், நான் ஆட்டோ பிடிச்சு..." என்றவர், எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்பது உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "இல்ல இல்ல! கூடவே இருக்கேன்!"

மெக்கானிக் ஒரு குழாயைக் கழற்றி, கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

பச்சை! பச்சைப் பசேல் என்று பச்சை!

"கலக்கலைன்னீங்களே சார்?"

"என்... என் மச்சினன்... ஒரு மூடி ஊத்தினான்னு நினைக்கறேன்..."

"ஒரு மூடியா? உங்க டேங்க் அதுல முங்கிக் குளிச்சிருக்கு!" மெக்கானிக் அங்கலாய்த்தார். "கொஞ்சமா ஊத்தினா கசடு கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சு எரிஞ்சு போகும் சார். இப்படிக் கொட்டினா மொத்தமாப் பேர்ந்து வந்து பம்ப் வாயை அடைச்சுக்கும். அதுவுமில்லாம இது பெட்ரோலே இல்ல, கஷாயம்! எப்படிச் சார் எரியும்?"

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார். வலி தாங்காமல் உடனே விட்டார்.

"எஞ்சின் அமுதமா? அதை விக்கறவன் உங்க மச்சினனா? என் ஜீப்புக்கும் ஒரு பாட்டில் தலையில கட்டினான்! எங்க டிரைவர் பாதியைக் கவுத்துட்டான். அதான் காலையிலேருந்து இங்க தவம் கிடக்கறேன். அந்த ஆள் மட்டும் கையில கிடைச்சா, கட்டித் தூக்கி டிக்கியில போட்டு மூடிடுவேன்!"

டாக்டர் சிரிக்க முயன்றார். முகம் ஒத்துழைக்கவில்லை.

"இ... இப்ப என்ன பண்ணணும்?"

"டேங்கைக் காலி பண்ணி, பம்பைக் கழட்டி, வடிகட்டியை மாத்தி, நல்ல பெட்ரோல் ஊத்தணும். அவ்வளவுதான் சார். உங்க வண்டியில பம்ப் டிக்கிக்கு அடியில இருக்கு." மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் போனார். "டிக்கியைத் திறங்க!"

"திறக்காது!"

"ஏன்?"

"பூட்டு... கெட்டுப்போச்சு! ரொம்ப நாளா!"

டொக்!

மூவரும் திரும்பினார்கள்.

டொக்... டொக்...!

மெக்கானிக்கின் முகம் மலர்ந்தது. டிக்கியில் காதை வைத்தார்.

"பம்ப் அடிக்குது! அதேதான்!"

"எஞ்சின் ஓடலையேப்பா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதான் மேடம் கோளாறே! சாவியே போடாம அடிக்குது பாருங்க!"

டாக்டர் தன்னையே தேற்றிக்கொண்டார். பம்ப்தான்... பம்ப்பேதான்... வேறு என்னவாக இருக்க முடியும்? மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாரே!

டொக்... டொக்... "அக்...கா...!"

மெக்கானிக் ஓரடி பின்னால் குதித்தார். "பம்ப் பேசுது மேடம்!"

இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார்.

"சாவி."

"மேடம், முதல்ல உங்க பல்லு... இப்பவே... இலவசமா..."

"சாவி!"

டாக்டர் கொடுக்கவில்லை. தேவையும் படவில்லை. மெக்கானிக் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே குனிந்து டிக்கியைத் திறக்கும் நெம்புகோலைத் தூக்கினார்.

க்ளிக்!

டிக்கி மெதுவாகத் திறந்தது. உள்ளேயிருந்து, ஒரு பக்க உதடு தொங்க, கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்...

மச்சினன்! உயிரோடு!

அந்த மயக்க மருந்து காலாவதியாகி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. கொல்கிற சத்தெல்லாம் போய், கொஞ்ச நேரம் தூங்கவைக்கிற சத்துதான் மிச்சம். மணிக்கட்டில் துடிப்பு கட்டை விரல் பக்கம் இருக்கும். கேன்டீனில் அதைச் சொல்லித் தரவில்லை. டாக்டர் சுண்டு விரல் பக்கம் தேடியிருந்தார்.

மச்சினன் சுற்றிலும் பார்த்தான். காக்கிச் சட்டையைப் பார்த்தான். அத்தானைப் பார்த்தான். கடைசியில் மெக்கானிக் பிடித்துவைத்திருந்த பச்சைப் பெட்ரோல் பாட்டிலைப் பார்த்ததும்தான் அவனுக்கு ஆத்திரம் வந்தது.

"அழ்ழான்!" மரத்துப்போன நாக்கு புரளவில்லை. "எவ்வளவு ஊழ்ழினீங்க?"

"கைவசம் இருந்தது மொத்தமும் போல," என்றார் மெக்கானிக்.

"ழேபிளைப் படிங்கன்னு அப்பவே சொன்னேனே! ஒரு மூடி போழும் அழ்ழான், ஒரே ஒரு மூடி!"

பிறகு ஊசி, காலேஜ், கேன்டீன் எல்லாவற்றையும் குழறிக் குழறிக் கொட்டினான். உதடு ஒரு பக்கம் தொங்கியும் பேச்சு மட்டும் நிற்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். இழந்த பல்லின் இடத்தை நாக்கால் ஒருமுறை தடவிக்கொண்டார்.

டாக்டரின் போன் அலறியது. மனைவி!

மச்சினன் அதைப் பிடுங்கிக் காதில் வைத்தான். "அக்கா! நான்ழான்! அழ்ழான் என்னைக் கொன்னுட்டாரு! கிளம்பி வா!"

டாக்டர் தடாலென்று இன்ஸ்பெக்டரின் காலில் விழுந்தார்.

"மேடம்! என்னை உடனே ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க! அவ வர்றதுக்குள்ள!"

"எதுல போறது? உங்க மச்சினன் புண்ணியத்துல உங்க காரும் ஓடாது, என் ஜீப்பும் ஓடாது. இங்கயே காத்திருக்க வேண்டியதுதான்!"

இடுப்பிலிருந்து விலங்கு வெளியே வந்தது. டாக்டர் இரண்டு கைகளையும் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"மே... மேடம்... மெதுவா... இறுக்கிடாதீங்க..."

வீங்கிய கன்னத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்ஸ்பெக்டர் அவ்வளவு அன்பாகச் சொன்னார்.

"பயப்படாம கையை நீட்டுங்க டாக்டர்... எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்!"