மேசைக்கு வந்த சாமந்தி

எங்கள் குடும்பத்துக்குப் பாசனெல்லி என்று பெயர். காசல்வேரா ஊரில் இந்தப் பெயர் தெரியாதவர்கள் இருக்க முடியாது. யாராவது இருந்தால் அது அவர்களுடைய குறை.

இந்தக் கதை என் தம்பி மகள் இல்தேயைப் பற்றியது. அப்போது அவளுக்குப் பத்து வயது. டோர்ஸ்டன் எக்மார்க்கும் இதில் வருகிறான். சுவீடனிலிருந்து வந்து எங்கள் ஊர் அணிக்காகக் கோல் மேல் கோலாகப் போட்டானே, அந்த டோர்ஸ்டன்தான்.

அவன் வந்த புதிதில் அவனைத் தங்க வைக்க இடம் தேடினார்கள். எங்கள் மாடி அறை காலியாக இருந்தது. அணியின் செயலாளர் வாடகை பேச வந்தார்.

"பாசனெல்லி வீடு சத்திரம் இல்ல. வர்றவன் எங்க விருந்தாளி. போயிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

டோர்ஸ்டன் மிக உயரம். எங்கள் சாப்பாட்டு அறையின் நிலைப்படியோ குட்டை. முதல் வாரம் முழுவதும் அவன் தலை அதில் இடித்துக்கொண்டே இருந்தது. நாங்கள் எல்லோரும் "பாத்து, பாத்து" என்றோம். இல்தே மட்டும் எதுவும் சொல்லவில்லை. ஒரு நாற்காலியைப் போட்டு ஏறி, நிலைப்படியின் மேலே ஒரு சிவப்புத் துணியைக் கட்டித் தொங்கவிட்டாள். அதன்பிறகு அவன் இடித்துக்கொள்ளவில்லை. துணியைப் பார்த்ததும் குனிந்துவிடுவான்.

மைதானத்தில் அவன் வேறு ஆள். பந்து அவன் காலுக்கு வந்தால் எதிரணியின் கோல்காப்பாளர் முகம் வெளுத்துவிடும். வலது கால், இடது கால், தலை எதுவானாலும் அவனுக்கு ஒன்றுதான். ஆனால் கோல் போட்டால் குதிக்க மாட்டான், கையைத் தூக்க மாட்டான். பந்தைக் கொடுத்த ஆட்டக்காரரிடம் நடந்து போவான். கைகுலுக்கி, "நன்றி" என்பான். அவ்வளவுதான்.

ஊரில் அவனுக்குப் 'பனிக்கட்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"உங்க வீட்டுப் பனிக்கட்டி எப்படி இருக்கு? அடுப்பு பக்கத்துல உக்காந்தா உருகிடுமா?" என்று பள்ளிக்கூடத்தில் நெவியோ என்ற பையன் கேட்பானாம்.

"உருகாது. ஆனா உன் தட்டுல இருக்கிற சோளக்களியையும் சேத்துச் சாப்பிட்டுடும்" என்பாளாம் இல்தே.

வீட்டிலும் அவன் எல்லாவற்றுக்கும் நன்றி சொல்வான். சூப்புக்கு நன்றி. ரொட்டிக்கு நன்றி. உப்பைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தால் அதற்கும் நன்றி. இல்தேயின் அம்மா நோர்மாவுக்கு அது சரியாகப் படவில்லை.

"ஏம்ப்பா, சொந்த வீட்ல யாராவது நன்றி சொல்வாங்களா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"எங்க வீட்ல சொல்லணும். சொல்லலைன்னா அம்மா கரண்டியை எடுப்பாங்க" என்றான் அவன்.

அக்டோபர் மாதத்தில் பெரிய நகரத்து அணியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நல்ல தொப்பி, பளபளக்கும் கார். தங்கள் அணிக்கு ஆட வரச் சொல்லி அவனிடம் நெடுநேரம் பேசினார்கள். அன்று மாலை மாடிப்படியில் இல்தே அவனை மறித்தாள்.

"போயிடுவியா, அண்ணா?"

டோர்ஸ்டன் படியில் உட்கார்ந்தான். உட்கார்ந்தால்தான் அவள் உயரத்துக்கு வர முடியும்.

"அங்க மைதானம் பெருசு. எல்லாமே பெருசு. ஆனா உங்க மேசை அங்க இல்லையே" என்றான்.

இல்தேக்கு அது போதும். மேசை இருக்கும்வரை அண்ணன் இருப்பான். அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

நவம்பர் முதல் தேதி வந்தது. அன்று புனிதர்கள் எல்லோருக்குமான பண்டிகை; வீட்டில் பண்டிகைச் சாப்பாடு. வெள்ளை விரிப்பு போட்டிருந்தோம். இறைச்சி அடைத்த சின்னச் சின்ன மாவுப் பொட்டலங்கள் சூப்பில் மிதந்தன. ஒரு மணி அடித்தது. டோர்ஸ்டனின் நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

கதவு திறந்தது. முதலில் வந்தது பூ. மஞ்சளும் வெள்ளையுமாக, ஒரு ஆட்டுக்குட்டி அளவுக்குச் சாமந்திக் கொத்து. அதற்குப் பின்னால் எங்கேயோ டோர்ஸ்டன் இருந்தான். சிவப்புத் துணியைப் பார்த்து அவன் குனிந்தபோது, பூ முழுவதும் மேசைப் பக்கம் சாய்ந்தது.

நோர்மாவின் கரண்டி சூப் பாத்திரத்துக்குள் விழுந்தது. என் தம்பி துல்லியோ, கெட்டது எதுவும் அண்டாதிருக்கப் பைக்குள் கையை விட்டு இரும்புச் சாவியைத் தொட்டுக்கொண்டான்.

எங்கள் ஊரில் சாமந்தி கல்லறைப் பூ. நவம்பர் வந்தால் ஊரே அதை வாங்கும். வாங்கி நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டு போகும். அதை ஒரு வீட்டுக்குள் கொண்டு வருவது, 'உங்க வீட்ல அடுத்த சாவு எப்போ?' என்று கேட்பதுபோல.

நான் மெதுவாக எழுந்தேன்.

"இது யாருக்கு?"

"உங்களுக்கு. நன்றி சொல்ல" என்றான் டோர்ஸ்டன், சிரித்த முகத்தோடு.

"எனக்கா?"

"எல்லாருக்கும். அதனாலதான் நிறைய வாங்கினேன். ஒருத்தருக்கும் குறையக் கூடாது."

துல்லியோ இன்னொரு கையையும் பைக்குள் விட்டான்.

"தம்பி, இந்த வீட்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். இனிமே உன் சாப்பாடு மாடிக்கு வரும். மேசைக்கு நீ வர வேண்டாம்" என்றேன்.

கோபமாகப் பேசினால் அவனுக்கு எங்கள் மொழி பாதிதான் புரியும். 'வேண்டாம்' என்ற சொல் தெரிந்திருந்தது. பூவைத் தரையில் வைத்தான். மாடிக்குப் போனான். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுக்கும் சத்தம் கீழே கேட்டது.

யாரும் சாப்பிடவில்லை. இல்தே எழுந்து பூவைத் தூக்கினாள்.

"எங்க கொண்டு போற?" என்றேன்.

"தண்ணியில வைக்க, பெரியப்பா."

"வீட்டுக்குள்ள கூடாது."

"துணி துவைக்கிற கொட்டகையில வைக்கிறேன். பூ என்ன பண்ணுச்சு, பாவம்."

நான் மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டேன்.

பூவை வாளியில் வைத்துவிட்டு அவள் மாடிக்குப் போயிருக்கிறாள். அங்கே நடந்ததைப் பிறகு அவளே எனக்குச் சொன்னாள்.

டோர்ஸ்டன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு மத்தியானம் அவங்க கார் வரும். பதில் கேப்பாங்க. சரின்னு சொல்லப் போறேன்" என்றான்.

"அண்ணா, அந்தப் பூவை ஏன் வாங்கின?"

"ஊர் முழுக்க வாங்குச்சு. ரொட்டிக் கடைக்காரர் கையில, டீச்சர் கையில, எல்லார் கையிலயும் அதே பூ. இதுதான் பண்டிகைப் பூன்னு நினைச்சேன்."

"அதெல்லாம் எங்க போச்சுன்னு பாத்தியா?"

"இல்லையே. நான் பயிற்சிக்குப் போயிட்டேன்."

இல்தேக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து அவள் விஷயத்தைச் சொன்னபோது, டோர்ஸ்டன் மடித்த சட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஐயோ. துல்லியோ அண்ணன்கூட ரெண்டு கையையும் பையில விட்டாரே. இப்பவே கீழ போய் மன்னிப்புக் கேக்கிறேன்."

"வேண்டாம். பெரியப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டா அவர் முதுகு இன்னும் விறைச்சுக்கும்."

"அப்புறம் என்ன பண்றது?"

இல்தே அவன் பெட்டியை மூடினாள்.

"பூ மேல தப்பில்ல. அது தப்பான இடத்துக்கு வந்துருச்சு, அவ்வளவுதான். நாளைக்குக் காலையில என்கூட வா. பெட்டியை அப்புறம் கட்டிக்கலாம்."

மறுநாள் இறந்தவர்களை நினைக்கும் நாள்; காலையில் ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். பனிமூட்டம் தரையோடு தரையாகக் கிடந்தது. நாங்கள் புறப்படும் நேரத்தில் இல்தேயைக் காணவில்லை. கொட்டகையில் வாளியும் இல்லை.

என் அப்பா அன்செல்மோவின் கல்லறை, சுற்றுச்சுவர் ஓரத்தில் மூன்றாவது. கல்லில் அவர் படம் பதித்திருக்கும். பெரிய மீசை. அந்தக் கல்லுக்கு முன்னால்தான் இருவரும் நின்றார்கள்.

"இது எங்க தாத்தா. நீ கோல் போடற மைதானம் இவரோடது" என்று இல்தே சொல்லியிருக்கிறாள்.

"இவரோடதா?"

"எங்க புல்வெளி அது. மாடு மேய்ஞ்ச இடம். பசங்க விளையாட இடமில்லாம தெருவில அடி வாங்கினாங்களாம். தாத்தா மாட்டை வேற பக்கம் ஓட்டிட்டு, புல்வெளியை ஊருக்குக் குடுத்துட்டார். ஆனா வாசல் பலகையில பழைய ஊர்த் தலைவர் பேருதான் இருக்கு. அதனால பெரியப்பா அந்த வாசல் வழியா வரவே மாட்டார். பின்பக்க வேலி வழியாத்தான் ஆட்டம் பாக்க வருவார்."

டோர்ஸ்டன் தொப்பியைக் கழற்றினான்.

நாங்கள் பூக்களோடு உள்ளே நுழைந்தபோது அவனைத்தான் முதலில் பார்த்தோம். அவ்வளவு உயரமானவன் மண்டியிட்டிருந்தான். அப்பாவின் கல்லைச் சுற்றிச் சாமந்தியை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தான். பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு மெழுகுவத்தியை எடுத்துக் கொளுத்தினான்.

"எங்க ஊர்ல இந்த மாசம் பூவெல்லாம் உறைஞ்சு போயிடும். அதனால கல்லறைக்கு மெழுகுவத்திதான் வைப்போம்" என்று இல்தேயிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. கோல் போடுகிறவன் எங்கே நின்றாலும் கூட்டம் சேரும். ஊர்த் தலைவரும் வந்துவிட்டார்.

"யாருக்குப்பா பூ? உனக்குத்தான் இங்க யாரும் இல்லையே" என்றார்.

டோர்ஸ்டன் எழுந்து நின்றான்.

"அன்செல்மோ ஐயாவுக்கு. மைதானம் இவர் குடுத்தார். இவர் புல் இல்லைன்னா எனக்குக் கோல் இல்லை. நான் பந்து குடுத்தவங்களுக்கு நன்றி சொல்வேன். இவர்தான் முதல்ல குடுத்தவர்."

"மைதானத்தைப் பழைய தலைவர்ல கட்டினார்?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"கம்பம் நட்டது அவர்" என்றாள் இல்தே. "நிலம் தாத்தாவோடது. வேலிப் பக்கக் கோல் கம்பம் இருக்கிற இடத்துலதான் எங்க சிவப்பு மாடு படுத்திருக்குமாம்."

"ஆமாமா, எனக்கு ஞாபகம் இருக்கு. என்னை முட்ட வந்துச்சு" என்றார் ரொட்டிக் கடைக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஊர்த் தலைவர் தொப்பியைக் கழற்றினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். என் அப்பாவுக்கு முன்னால் ஊரே தொப்பியைக் கழற்றி நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

பனிமூட்டம் என் கண்ணுக்குள் போய்விட்டது. நவம்பரில் அப்படி ஆவது உண்டு.

டோர்ஸ்டன் என்னைப் பார்த்தான். மறுபடியும் 'வேண்டாம்' என்று சொல்லிவிடுவேனோ என்ற பயம் அவன் முகத்தில் தெரிந்தது. இல்தேயும் என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அதே பயம்.

நான் கோட்டின் பொத்தானைச் சரிசெய்துகொண்டேன்.

"சாப்பாடு ஒரு மணிக்கு" என்றேன். "தாமதமா மேசைக்கு வர்றவங்களுக்கு எங்க வீட்ல சூப் கிடையாது."

"வரேன், ஐயா. நன்றி" என்றான் டோர்ஸ்டன்.

திரும்பி வரும் வழியில் இல்தே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியப்பா, அவங்க ஊர்ல சாமந்தி வெறும் பூ. அவ்வளவுதான்."

"எனக்கு அப்பவே தெரியும்" என்றேன்.

இல்தே ஒன்றும் சொல்லவில்லை. நல்ல வளர்ப்பு.

மத்தியானம் பளபளக்கும் கார் வந்தது. ஓட்டுநர் குளிரில் வந்திருந்தார். அவரையும் உட்கார வைத்து ஒரு தட்டு சூப் கொடுத்தோம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் காலிக் காரோடு திரும்பிப் போனார்.

அதன்பிறகு டோர்ஸ்டன் இன்னும் சில பருவங்கள் எங்கள் ஊருக்காக ஆடினான். வாசல் பலகையில் என் அப்பா பெயரும் ஏறியது. இப்போது நான் வாசல் வழியாகத்தான் போகிறேன். பிறகு, அவன் போக வேண்டிய காலம் வந்தபோது, இல்தேயே அவன் பெட்டியைக் கட்டிக் கொடுத்தாள். பெரிய நகரம், அப்புறம் பிரான்ஸ், அப்புறம் போர்ச்சுகல். போன இடமெல்லாம் கோல்தான்.

எங்கே ஆடினாலும் அவன் வழக்கம் மாறவில்லை. கோல் போட்டதும் பந்து கொடுத்தவரிடம் போய்க் கைகுலுக்குவான். அதற்குப் பிறகு குனிந்து, இரண்டு விரலால் புல்லைத் தொடுவான். ஏன் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டால், "இன்னொருத்தருக்கும் நன்றி சொல்லணும்" என்பானாம். யாருக்கு என்று சொல்ல மாட்டானாம். எங்களுக்குத் தெரியும்.

ஒவ்வொரு நவம்பரிலும் ரயிலில் ஒரு கூடை சாமந்தி வருகிறது. எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் அதை வீட்டுக்கு அனுப்புவதில்லை. விஷயம் தெரிந்தவர். நேராக அப்பாவிடம் அனுப்பிவிடுகிறார்.

அதற்கு நான் ஒருமுறைகூட நன்றி என்று எழுதியதில்லை. சொந்த வீட்டுப் பையனுக்கு யாராவது நன்றி சொல்வார்களா?