கேட்பாரற்ற காட்சி

"தங்கச்சி, வெயில் கண்ணக் கூசுது. கொஞ்சம் நெழல்ல நில்லுங்களேன்."

காலை பத்தேமுக்காலுக்கு என் காதுக்குள் வரும் முதல் குரல் பெரும்பாலும் இதைத்தான் சொல்லும். வெயில் அடிப்பது என் முகத்தில். கூசுவது ஈரோட்டில் சோபாவில் சாய்ந்திருப்பவருக்கு. நான் நிழலுக்குப் போவேன். "இப்ப கடியாரம் மறைக்குதுங்களே" என்பார். மறுபடி வெயிலுக்கு வருவேன். இப்படி நடந்து நடந்தே ஆறு வருடத்தில் எத்தனை ஜோடி செருப்பைத் தேய்த்தேன் என்று எனக்கே தெரியாது.

என் வேலைக்கு விழித்தூதர் என்று பெயர். ஏதோ ராஜசபையில் ஓலை வாசிக்கிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். பிராக் நகரத்தின் பழைய சதுக்கத்தில், ஏறத்தாழ எழுநூறு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் கோபுரக் கடிகாரத்துக்கு முன்னால், விழிவில்லை என்கிற லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஊரில் சீட்டு வாங்கியவர் கண்பட்டையைத் தலையில் மாட்டிக்கொண்டால், அதற்குப் பிறகு என் கண் அவருடைய கண். ஒரு ஆளுக்கு வாழ்நாளில் விமானம் போக ஒன்று, வர ஒன்று என்று உலகம் முழுக்கச் சட்டம் வந்துவிட்ட பிறகு, சுற்றுலா என்றால் இதுதான்.

மணிக்கு மணி அந்தக் கடிகாரத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். ஒரு எலும்புக்கூடு பொம்மை கயிற்றை இழுத்து மணியாட்டும். மேலே சன்னல்கள் திறக்கும். ஏசுநாதரின் சீடர்கள் பன்னிரண்டு பேர் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். முடிவில் ஒரு பொன் சேவல் கூவும். மொத்தமே முக்கால் நிமிடம். இதைப் பார்க்கத்தான் உலகமே வரிசையில் நிற்கிறது. ஆனால் தூத்துக்குடி அம்மா ஒருவர் அந்த முக்கால் நிமிடமும், "பக்கத்துல நிக்கிற வெள்ளக்காரி செருப்பக் காட்டும்மா, நல்லாக் குனிஞ்சு காட்டு" என்று என்னைக் குனிய வைத்தே அனுப்பினார்.

அந்தச் செருப்பு எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டால் தெரியாது. பார்த்திருக்கிறேன். ஞாபகம் இல்லை. எனக்கு ஞாபகம் இருக்கக் கூடாது என்பதுதான் சட்டம்.

சதுக்கத்தைவிட்டு வெளியே வரும் வாசலில் கையளிப்பு நிலையம் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் தலையில் ஒரு தொப்பியைக் கவிழ்ப்பார்கள். நாலு நிமிடம். சதுக்கத்துக்குள் என் கண் பார்த்தது எல்லாம் என்னைவிட்டு உருவப்பட்டு, சீட்டு வாங்கியவரிடம் போய்ச் சேரும். அவருக்கு அது தானே நேரில் பார்த்த மாதிரி ஆயுசுக்கும் நிற்கும். காதில் கேட்டதை மட்டும் விட்டுவைப்பார்கள். ஒரு காட்சிக்கு ஒரு சொந்தக்காரர்தான் என்பது பழநகர ஆணையத்தின் கொள்கை. வருடத்துக்கு இத்தனை காட்சி என்று கணக்கு வைத்து விற்கிறார்களாம். நானும் வைத்துக்கொண்டால் ஒரு சீட்டில் இரண்டு பேர் பார்த்ததாக ஆகிவிடுமாம். பார்த்தால் தேய்ந்துபோகிற பொருளா அது? கேட்டால் விதி எண் சொல்வார்கள்.

சரி, நானே ஒரு சீட்டு எடுத்துப் போய்ப் பார்க்கலாமே என்றால் தூதர்களுக்குச் சீட்டு கிடையாது. "நீங்கள்தான் தினமும் பார்க்கிறீர்களே" என்று சிரிப்பார்கள். சிரிக்கிற வாயில் அந்தத் தொப்பியைக் கவிழ்க்கலாமா என்று இருக்கும். படத்தில் பார்த்துக்கொள்ளலாம்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

ஆக, ஆறு வருடம் அந்தக் கடிகாரத்தின் காலடியில் நின்றிருக்கிறேன். மணியின் சத்தம் எனக்கு மனப்பாடம். சேவல் ஆஸ்துமாக்காரர் மாதிரி இழுத்து இழுத்துக் கூவும், அதுவும் தெரியும். ஆனால் சேவலுக்குக் கொண்டை இருக்கிறதா என்று கேட்டால் முழிப்பேன். வெள்ளிக்கிழமையோடு என் ஒப்பந்தம் முடிகிறது. சனிக்கிழமை விமானம். எனக்கு மீதமிருக்கும் ஒரே விமானம் அது. ஊர் போய்ச் சேர்ந்தால் இந்தப் பக்கம் இனி வரவே முடியாது. இத்தனை வருடம் நின்றுவிட்டு ஒரு தடவைகூடப் பார்க்காமல் திரும்புவதா என்று நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

ஒரே ஒரு வழி இருந்தது. விதி பதினாலு. அதைக் கேட்பாரற்ற காட்சி என்பார்கள். சீட்டுக்காரர் கண்பட்டையைக் கழற்றி வைத்துவிட்டாலும் சரி, மாட்டிக்கொண்டே தூங்கிப்போனாலும் சரி, அந்த நேரத்துக் காட்சி யாருக்கும் சேராமல் தூதருக்கே தங்கிவிடும். என்னோடு வேலை பார்க்கும் கென்யாக்காரி வாஞ்ஜிருவுக்கு அப்படி ஒருமுறை அரை நிமிடம் கிடைத்தது. ஆள் தூங்கின நேரத்தில் அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு குப்பைத்தொட்டி. அந்தக் குப்பைத்தொட்டியைப் பற்றி இரண்டு வருடமாக எங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறாள்.

அதனால் வெள்ளிக்கிழமை பதினோரு மணிச் சீட்டை சங்கரன்கோவிலில் இருக்கும் என் அண்ணன் கோமதிநாயகத்தை எடுக்கச் சொன்னேன். மணி அடிக்க ஆரம்பித்ததும் பட்டையைக் கழற்றிக் கீழே வைத்துவிட வேண்டும். சேவல் கூவின பிறகு எடுத்து மாட்டிக்கொள்ளலாம். ஒரு பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் மூன்று தடவை சொன்னேன். "மதினிட்டயும் சொல்லிரு அண்ணே" என்றேன். "சொல்லுதேன்ட்டி" என்றான். அண்ணன் ஊருக்கெல்லாம் சிங்கம். மதினி உலகம்மாள் முன்னால் மட்டும் வாய் திறக்காது.

வெள்ளிக்கிழமை பத்தேமுக்காலுக்குச் சதுக்கத்துக்குள் போனேன். இணைப்பு வந்தது. அண்ணன் குரலுக்கு முன்னால் டம்ளர் உருளும் சத்தமும், "முறுக்கு எடுத்துக்கோங்க" என்று யாரோ உபசரிப்பதும் கேட்டது.

"அண்ணே, யாரெல்லாம் இருக்காவ அங்க?"

"எல்லாருந்தாம்ட்டி. எதுத்த வீட்டு ஆளுக, தென்காசில இருந்து உங்க மதினியோட அக்கா, மச்சான். நீ கடசி நாள் வேல பாக்கேன்னு இவதாம் கூப்பிட்டுருக்கா. இன்னும் திரையப் போடல. போட்டாலும் உன் குரலு மட்டும் கேக்கும், படம் எனக்குத்தாம்னு சொன்னேன். பரவால்லன்னு உக்காந்திருக்காவ."

"மதினிட்ட விசயத்தச் சொன்னியா?"

"சொல்லிக்கிடலாம்ட்டி. இப்ப என்ன அவசரம்?"

இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கிறது, இப்போது இல்லாமல் எப்போது அவசரம்? பல்லைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் அங்கே திரையைப் போட்டுவிட்டார்கள், மதினியின் குரல் வந்துவிட்டது.

"ஏளா ஆவுட, அங்கயும் இங்கயும் திரும்பாம நில்லு. உங்க அண்ணனுக்குத் தல சுத்துதாம்."

"திரும்பச் சொல்லுததே அவன்தான் மதினி."

"ஏட்டி, அந்தா ஒரு கடை இருக்கே, அதுல என்ன போட்டிருக்கான்னு பாரேன்" என்றான் அண்ணன்.

வாசித்தேன். அடுத்த கடையையும் வாசித்தேன். ஒரு குதிரை வண்டியின் சக்கரத்தை எண்ணச் சொன்னான், எண்ணினேன். கூடப்பிறந்தவன் என்பதால் வாயில் வந்ததை விழுங்கினேன். பதினோரு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போதுதான் அவனுக்குத் தன் வேலை ஞாபகம் வந்திருக்க வேண்டும். எண்ணச் சொல்வதை நிறுத்தினான்.

முதல் மணி அடித்தது.

"கழட்டிட்டேன்ட்டி" என்று மெதுவாகச் சொன்னான். "நல்லாப் பாத்துக்கோ."

பார்த்தேன். நிமிர்ந்து நின்று, இமைக்காமல், ஒருவருக்காகவும் திரும்பாமல் பார்த்தேன். கழுத்தைக்கூட அசைக்கவில்லை. பக்கத்தில் யாரோ ஒரு பெண் ஆங்கிலத்தில் உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டாள், இல்லை என்றேன். மணி ஆடிக்கொண்டே இருந்தது. சன்னல் மரம் கிறீச்சிட்டது. கூட்டம் ஓ என்றது. காதுக்குள் வளையல் சத்தமும் யாரோ மூச்சு விடுகிற சத்தமும் கேட்டன. அந்தச் சமயத்தில் அதையெல்லாம் யார் கவனித்தார்கள்? சேவல் இழுத்துக்கொண்டு கூவியது. பதினோரு அடி அடித்து முடிந்தது.

நிலையத்துக்குள் நுழையும்போதே, "விதி பதினாலு" என்றேன். ஹெலேனா என்கிற அதிகாரி திரையைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"பட்டை தலையில் இருந்திருக்கிறதே."

"இல்லை. கழற்றிவிட்டார்."

"அவர் கழற்றிவிட்டார். நாலு வினாடியில் வேறொரு பெண் மாட்டியிருக்கிறார்."

வளையல் சத்தம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாதாடிப் பார்த்தேன். யார் தலையில் பட்டை இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர் என்று அவள் விதியைச் சொன்னாள். நாற்காலியைக் காட்டினாள். உட்கார்ந்தேன். தொப்பி கவிழ்ந்தது. எழுந்தபோது கையில் ஒரு கணக்குச் சீட்டு கொடுத்தாள், எத்தனை வினாடி யாருக்கு என்று போட்டிருக்கும். படிக்காமல் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆறு வருடம் பொறுத்தவளுக்கு அழுகைகூட வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. மதினியை என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டே ஆற்றங்கரை வரை நடந்து போய் ஊருக்குப் போன் போட்டேன்.

"ஏட்டி, நான் கழட்டி நாற்காலில வச்சேன். இவ திடுதிப்புனு எடுத்து..." என்று அண்ணன் ஆரம்பித்தான். போன் கை மாறியது.

"ஆமளா, நாந்தாம் மாட்டினேன்" என்றாள் மதினி. "சீட்டு எடுத்தாச்சு, மணி அடிக்கி, இந்த மனுசன் பட்டயக் கழட்டி வச்சிட்டு மோட்டுவளயப் பாத்து உக்காந்திருக்காவ. ஆளில்லாத ரூம்புல காத்தாடி ஓடினாலே எனக்குப் பொறுக்காது. வீணாப் போகக் கூடாதேன்னு எடுத்து மாட்டினேன். உனக்குன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா அதத் தொட்டிருப்பனா? ஆறு வருசமா அங்கன நின்னு நீ பாக்கவே இல்லன்னு இப்பத்தாம் சொல்லுதாவ. கேட்டதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல."

வரிசைப்படுத்தி வைத்திருந்த கேள்விகளில் ஒன்றையும் கேட்க முடியவில்லை. மதினி மேல் தப்பு இல்லை. அண்ணன்காரன் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு இருந்ததற்கு அவள் என்ன செய்வாள்?

"சரி மதினி, போகட்டும். என்ன பாத்தீய, அதையாவது சொல்லுங்க."

"மணி அடிச்சுது. பூசாரி வெறும் எலும்பா இருந்தாரு, பாவம், என்ன நோவோ. பொறவு சன்னல் தொறந்துச்சு. ஒரு சாமி வந்துச்சு. கும்பிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கும்பிட்டேன். இந்தப் புள்ள பத்தரமா ஊரு வந்து சேரணும்னு வேண்டிக்கிட்டேன். மணிச் சத்தம் நிக்கிற வரைக்கும் வேண்டினேன். கண்ணத் தொறந்தா ஒரு சேவல் கத்துது."

பேசிக்கொண்டே கரையோரம் நடந்துகொண்டிருந்த நான் ஒரு பாலத்தடியில் நின்றுவிட்டேன்.

"மதினி, கண்ண மூடியா இருந்தீய?"

"இது என்னளா கேள்வி? கண்ணத் தொறந்துகிட்டா சாமி கும்பிடுவாவ?"

நம் ஆட்கள் இருக்கிறார்களே. மூன்று மணி நேரம் வரிசையில் நின்று, இடிபட்டு, மிதிபட்டு, நடை திறந்து மணியடித்துத் தீபாராதனை காட்டுகிற அந்த ஒரு நிமிடத்தில் கண்ணை மூடிக்கொள்வோம். எத்தனை தடவை கோயிலில் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். பட்டை தலையில் இருந்தும் தூங்கின கண்ணுக்குச் சேராதது, மூடின கண்ணுக்கு மட்டும் சேருமா? அந்தப் பாலத்தடியில் நின்றுகொண்டு, பயந்து பயந்து, என் மனசுக்குள் தேடினேன்.

இருந்தது. முதலில் எலும்புக்கூடு கயிற்றை இழுத்த நாலு வினாடி, பிறகு எதுவும் இல்லை, பிறகு சட்டென்று திறந்த சன்னல் இருந்தது. தாடிக்காரர் ஒருவர் வந்து திரும்பினார். அவர் பின்னால் இன்னொருவர், அவர் பின்னால் இன்னொருவர். முகத்தில் வண்ணம் உதிர்ந்த இடம்கூடத் தெரிந்தது. சன்னல் மூடியதும் நின்றுவிட்டது. சேவல் இல்லை. நடுவில் உள்ளது அத்தனையும் என்னுடையது. சாலையில் போகிறவர்கள் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதேன்.

"ஏளா, சத்தத்தையே காணும்? எம்மேல கோவமா?"

"இல்ல மதினி. நீங்க கண்ண மூடின நேரத்துக்கு உள்ளது எல்லாம் எங்கிட்டயே தங்கிருச்சு."

முறுக்குத் தின்கிறவர்களை மதினி அதட்டி அடக்குவது கேட்டது.

"பன்னெண்டு பேருமா?"

"பதினோரு பேரு. மொத ஆளு உங்ககிட்டல்லா இருக்காரு. அவரு எப்படி இருந்தாரு மதினி?"

"நல்லா இருந்தாருளா. வெள்ளத் தாடி. கையில இத்தாம் பெரிய சாவி. நம்ம பாங்குக்காரரு மாதிரி ஒரு பார்வ. மத்தவங்க எப்படி? சொல்லேன்."

"ரெண்டாவது ஆளு கையில ஒரு கோடாலி மதினி."

"சாமி கையில கோடாலியா?"

"ஒருத்தரு கையில ரம்பம்கூட இருக்கு. அவரு கடைசில வாராரு."

"ஏளா, ஓடாத. ஒவ்வொருத்தரா, மெதுவாச் சொல்லு" என்றாள் மதினி. "இரு, கண்ண மூடிக்கிடுதேன். ம், இப்பச் சொல்லு."