ஒன்பது அறையும் ஐம்பத்திரண்டு மீட்டரும்

காலை 9.40. மஹ்லகா அம்மாள், அந்த ஊர் வழக்கில் மஹ்லகா கானும், நீல உறையைத் திறந்தார். உள்ளே வீட்டுப் பத்திரம் இல்லை.

உறையைக் கவிழ்த்து உதறினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். ஈய முத்திரை தொங்கும் நூலால் தைத்த அந்தச் சின்னப் பத்திரப் புத்தகம் காலை ஏழரைக்கு இதற்குள்தான் இருந்தது. அது இல்லாமல் பதினொன்றரைக்குப் பதிவாளர் முன்னால் இந்த வீட்டை விற்றுக் கையெழுத்துப் போட முடியாது. இது விற்காவிட்டால், இரண்டு தெரு தள்ளி அவர் பேசி வைத்திருக்கும் ஐம்பத்திரண்டு சதுர மீட்டர் வீடு மதியம் ஒரு மணிக்கு வேறொருவருக்குப் போய்விடும். அந்த வீட்டுக்காரர் மரியாதைக்கு நேற்றே சாவியைக் கொடுத்துவிட்டார். ஆனால் கெடு என்றால் கெடுதான் என்றும் சொல்லியிருந்தார்.

எழுபத்தொரு வயது. ஈரானின் ஷிராஸ் நகரில் ஒன்பது அறை, முற்றம், முற்றத்து நடுவே சின்னக் குளம், நாரத்தை மரம். கணவர் காலமான பிறகு ஆறு வருடமாக அந்த ஒன்பது அறையில் அவர் செய்ததெல்லாம் கூட்டுவதும் பூட்டுவதும்தான். போதும் என்று ஒருநாள் காலையில் முடிவு செய்தார். யாரையும் கேட்கவில்லை. அதுதான் பிள்ளைகளுக்குப் பொறுக்கவில்லை.

"போலீஸைக் கூப்பிடலாம்" என்றான் மகன் கியானூஷ். "லாரிக்காரன்தான் ஹால்ல தனியா நின்னுட்டு இருந்தான்."

"என் தலையில கட்டாதீங்க ஐயா" என்றார் லாரிக்காரர் கரம். "பழைய பத்திரத்தை வெச்சு நான் என்ன ஊறுகாயா போடப்போறேன்?"

"விடும்மா. நகல் பத்திரத்துக்கு எழுதிப்போடலாம். மூணு மாசத்துல வந்துடும்" என்றாள் மகள் ரோஷனக். பெட்டி கட்ட உதவுவதற்காக இஸ்ஃபஹானிலிருந்து வந்து மூன்று நாளாகிறது.

"மூணு மாசமா? இன்னிக்கு ராத்திரி நான் அந்த வீட்டுலதான் படுப்பேன்" என்றார் மஹ்லகா. "நாற்காலி எடுங்க. மூணு பேரும் தள்ளித் தள்ளி உட்காருங்க. முப்பது வருஷம் பரீட்சை ஹால்ல நடந்தவ நான். சாக்ஸுக்குள்ள வெச்ச பிட்டையே பிடிச்சிருக்கேன்."

மூவரும் உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தக் குரலுக்கு உட்காராத பெண் கிடையாது.

மஹ்லகா அன்று காலையை மனதில் ஓட்டிப் பார்த்தார். எல்லாருக்கும் காகிதக் கோப்பையில் தேநீர். ஏனென்றால் சமையலறைச் சாமான் முழுவதும் நேற்றே பதினோரு பெட்டிகளில் ஒட்டியாயிற்று. பெட்டிகளுக்கு எண் போட்டது அவர், அடுக்கி ஒட்டியது ரோஷனக். 8.10க்கு முகம்பார்க்கும் கண்ணாடியையும் குர்ஆனையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு டாக்ஸியில் ஏறினார். புது வீட்டுக்குள் முதலில் நுழைய வேண்டியவை அவை இரண்டும்தான், லாரியில் போட முடியாது. இரண்டு கையும் நிறைந்துவிடும் என்று நீல உறையை ஏழே முக்காலுக்கே ஹாலில், மகளின் கம்பளிக் கோட்டு தொங்கிய ஆணிக்குப் பக்கத்து மாடத்தில் வைத்துவிட்டிருந்தார். 9.20க்குத் திரும்பியபோது தெருப்படி ஈரமாக இருந்தது. படியின் பள்ளத்தில் ஒரு நாரத்தை இலை ஒட்டிக் கிடந்தது. காலி செய்கிற அன்றைக்கா படியைக் கழுவுவார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்து, குளக்கரையில் கவிழ்ந்திருந்த செம்புக் கிண்ணத்தில் தண்ணீர் மொண்டு கை கழுவினார்.

10.05.

"கரம், எத்தனை மணிக்கு வந்தே?"

"எட்டரை, கானும்."

"படி?"

"அப்பவே ஈரமா இருந்துது. தாண்டித்தான் உள்ள வந்தேன்."

"ஏன்?"

"எங்க தொழில்ல அதை மிதிக்கமாட்டோம். ஏத்தின சாமான் திரும்பி வந்துடும்னு சொல்லுவாங்க."

"கியானூஷ்?"

"எட்டுக்கு வந்தேன். நேரா மொட்டைமாடிக்குப் போயிட்டேன். போன்ல இருந்தேன்."

"யாரோட?"

அவன் நெளிந்தான். "கட்டடக்காரரோட. அம்மா, இதை இடிச்சு அஞ்சு மாடி கட்டினா உனக்கே ஒரு பெரிய வீடு வரும். ஐம்பத்திரண்டு மீட்டர்ல எப்படி இருப்பே? எலி வளை மாதிரி!"

"எலி வளையானாலும் தனி வளைடா. ரோஷனக், நீ?"

"எழுந்ததுலேர்ந்து உள்ளே துணி மடிச்சிட்டு இருந்தேன்மா. முற்றத்துப் பக்கமே வரல."

மஹ்லகா எழுந்து குளக்கரைக்குப் போனார். செம்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து மூவருக்கும் நடுவில் தரையில் வைத்தார். 10.20.

"இது எங்கேர்ந்து வந்துது?"

பதிலையும் அவரே சொன்னார்.

"செம்பு எல்லாம் ஏழாம் நம்பர் பெட்டி. நேத்து ஒட்டினது. நானும் மண்டு, இதுலயே கை கழுவிட்டு ஒண்ணும் தோணாம உள்ளே வந்தேன். டீயைக் காகிதக் கோப்பையில குடிக்கிற வீட்டுல கிண்ணம் மட்டும் எப்படி வெளியே இருக்கும்? யாரோ பெட்டியைப் பிரிச்சிருக்காங்க. எடுக்க இல்ல, வைக்க. பத்திரம் களவு போகல. ஒரு மணி தாண்டுற வரைக்கும் ஒளிஞ்சு இருந்தாப் போதும்."

"அப்போ தண்ணி?" என்றான் கியானூஷ்.

"அங்கதான் செஞ்சவங்களைப் பழகின கையே காட்டிக் கொடுத்துது. இலை போட்டு யார் பின்னால தண்ணி ஊத்துவோம்? ஊருக்குப் போறவங்க பின்னால, நல்லபடியாத் திரும்பி வரட்டும்னு. வீட்டையே விட்டுப் போறவ பின்னால யாராவது ஊத்துவாங்களா? நான் திரும்பி வந்து இங்கேயே இருக்கணும்னு நினைக்கிறவங்கதான் ஊத்துவாங்க. கரம் வர்றதுக்கு முன்னாடியே படி நனைஞ்சாச்சு. கியானூஷுக்கு வீடு காலியா வேணும். இடிக்கப் போறவன் என்னைத் திரும்பி வான்னு ஏன் கூப்பிடப் போறான்? பதினோரு பெட்டியில செம்பு எதுலன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? அடுக்கினவளுக்குத்தான் தெரியும்."

ரோஷனக் முகத்தை மூடிக்கொண்டாள்.

"பெட்டியைப் பிரிச்சதும் கிண்ணம் மேலயே இருந்துதும்மா. அந்த நேரம் பார்த்து டாக்ஸி ஹாரன் அடிச்சுது. நீ குர்ஆனோட வாசலைத் தாண்டுறே. சின்ன வயசுலேர்ந்து அப்பா எங்கே கிளம்பினாலும் நான்தானே ஊத்துவேன். யோசிக்கவே இல்ல. கை தானா மொண்டுது."

"மூணு நாளைக்கு வந்தவ எதுக்குக் கம்பளிக் கோட்டு கொண்டு வந்தே? இன்னும் விசிறிக்கிட்டுத்தானே படுக்கறோம்?"

மகள் முகத்திலிருந்து கையை எடுத்தாள். பிறகு சொன்னாள்: "அவரோட இனிமே குடும்பம் நடத்த முடியாதும்மா. இந்த வீடும் போயிட்டா நான் எங்கே வருவேன்?"

மஹ்லகாவுக்குப் பாவமாக இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

"அதை வாயைத் திறந்து சொல்ல மாட்டியா? நீ வந்தா வரட்டும்னு நான் ஒன்பது அறையைக் காவல் காக்கணுமா? மாட்டேன். கூட்டிக் கூட்டி என் இடுப்பு ஒடிஞ்சாச்சு. எனக்கு ரெண்டு ரூமும் ஒரு ஜன்னலும் போதும், அதை நானே தேர்ந்தெடுத்தேன். ஒருத்தருக்காகவும் மாத்திக்க மாட்டேன். அந்த ரெண்டுல ஒண்ணுல நீ படுத்துக்கோ. வாடகையா தினமும் நீதான் ரொட்டி வாங்கணும். போ, ஏழாம் நம்பரைப் பிரி."

பத்திரம் செம்பு அண்டாவுக்குள், துண்டில் சுற்றி இருந்தது. 10.35.

"கட்டடக்காரருக்கு நான் என்ன சொல்றது?" என்றான் கியானூஷ்.

"எங்கம்மா வித்துட்டாங்கன்னு சொல்லு."

வாசலில் மஹ்லகா நின்று திரும்பிப் பார்த்தார். ரோஷனக் கிண்ணத்தைப் பெட்டிக்குள் வைக்கப் போனாள்.

"அதை லாரியில போடாதே. கையில எடுத்துட்டு வா."

பதினொன்றரைக்குக் கையெழுத்தாயிற்று. கெடுவுக்கு இருபது நிமிடம் இருக்கையில் புது வீடும் அவருடையதாயிற்று.

மாலை 5.15. பாதிப் பெட்டிகள் இன்னும் பிரிக்கவில்லை. மஹ்லகா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, காலாற நடக்க மூன்றாம் மாடியிலிருந்து படியிறங்கினார். அவர் பின்னால், ஒரு புதினா இலையோடு, ஒரு கிண்ணம் தண்ணீர் படிகளில் வழிந்து இறங்கியது.

இரண்டாம் மாடிக் கதவு திறந்தது. "யாரது மேலேர்ந்து தண்ணி ஊத்துறது?" என்று ஓர் ஆண்குரல் கத்தியது.

"என் பொண்ணு!" என்று கீழிருந்து பதில் வந்தது. "கத்தாதீங்க ஐயா. நான் திரும்பி வரணும்ல, இது என் வீடு!"